கோ என்னும் சொல்லும் எயிற்பட்டினத்துக் கரையும்

குயிலாப்பாளையத்திலும் அதனைச் சூழ்ந்த கடற்கரைச் சிற்றூர்களிலும் பாட்டிமார் பேரப்பிள்ளைகட்குச் சொல்லும் கதைகளெல்லாம் பெரும்பாலும் ஒரே வகையாகத் தொடங்கும். ஓர் ஊரில் ஒரு 'ராசா' இருப்பான். அவனுக்கு ஒரு 'ராணி' இருப்பாள். பக்கத்தில் ஒரு 'மந்திரி' நிற்பான். கதை முடியுமளவும் அவ்வூரில் ஒரு கோவும் வாரான். ஒரு வேந்தனும் வாரான். ஆனால் பொழுது சாயும் வேளையில் அதே தெருவழியே மாடு ஓட்டி வருபவரை அப்பிள்ளைகளே 'கோனார்' என்று அழைக்கின்றனர். வெள்ளிக்கிழமையில் பாட்டியின் கைபிடித்துக் 'கோயில்' செல்கின்றனர். கதைக்குள் மாண்டுபோன சொல் தெருவில் உயிரோடு உலவுகின்றது. அதனை அடையாளங் காண்பார்தாம் இல்லை.

இது சிறு செய்தியென்று தள்ளத் தக்கதன்று. ஆள்வோனைக் குறிக்கும் சொல்லே தமிழர்க்குச் சொந்தமில்லை, வடக்கிலிருந்து இரவல் வாங்கியது என்று ஒரு தலைமுறைக்கு மேலாகக் கல்லூரிகளிலேயே கற்பிக்கப்பட்டது. சொல் இரவல் எனின் ஆட்சியும் இரவல். ஆட்சி இரவல் எனின் அறமும் முறையும் இரவல் என்று அடுத்தடுத்துப் படி கட்டி ஏறிவிடுவர். ஆகலின் இச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்த்தல் தமிழாசிரியன்மார் கடன்.

முதற்கண் 'அரசன்'. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகரமுதலி அதனை வடசொல்லின் திரிபு என்று குறித்தது. மொழிஞாயிறு பாவாணரோ அதனைத் தமிழ்ச்சொல்லென்றே கொண்டார். வடவரின் 'ராசன்' என்பதற்கு இலத்தீனத்தில் 'ரெக்சு' என்றும் அயர்லாந்து மொழியில் 'ரீ' என்றும் உறவுச் சொற்கள் உண்டு. ஆகவே அச்சொல்லுக்கு மேற்கே ஒரு பெருங்குடும்பம் இருக்கின்றது என்பதை மறைத்துப் பேசுதல் ஆகாது. மறைத்து வெல்லும் வழக்கு வழக்கன்று. அரசு, அரசியல், அரசாணை என்பன இன்று தமிழ் வாழ்வில் ஊன்றிவிட்டன. அச்சொல்லின் பிறப்பு வழக்கை அறிஞர் மன்றத்தில் ஆற அமர நடத்திக்கொள்ளலாம். அவ்வொரு சொல்லையே தமிழனின் ஆட்சியுரிமைக்கு ஒற்றைச் சான்றாக நிறுத்தி அதற்காக மட்டும் மல்லுக்கட்டுவோர், பின்னால் நிற்கும் பெரும்படையைக் காணாதவர். மன், வேந்து, கோ, இறை, மான் என ஐந்து சொற்கள் அங்கே நிற்கின்றன. இவற்றுள் ஒன்றையும் எவரும் எளிதில் அசைத்தல் இயலாது.

'மன்' என்பது மன்னுதல், அஃதாவது நிலைபெறுதல். மன்னுயிர், மன்பதை என்னும் சொற்களில் அவ்வேரே நிற்கின்றது. நிலைபெற்றவன் மன்னன், குடிகளை நிலைபெறுத்துபவன் எனினும் இழுக்கில்லை. இதற்குமேல் விரிக்க வேண்டியதில்லை.

'வேந்து' சுவையான சொல். வேய்ந்தோன் என்பதே வேந்தன் என்றாயிற்று என்பது பாவாணர் காட்டிய வழி. வேய்தல் என்றால் மேலே அணிதல், மூடுதல். மரக்காணத்து உப்பளங்களை அடுத்த குடியிருப்புகளில் கூரை வேய்தல் என்பது இன்றும் நாட்டுவழக்கு. மழைக்கு முன்னர்ப் பனையோலையோ தென்னங்கீற்றோ கொண்டு குடிசைக்குக் கூரை வேய்வர். குடிசையின் தலைமேல் ஓலை வேய்ந்தாற்போல ஆள்வோன் தலைமேல் முடி வேய்ந்தனர். ஒரே வினை, ஒரே கைத்தொழில். முடியென்றதும் பொன்னும் மணியும் பதித்ததையே எண்ணிவிட வேண்டா. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என மூவேந்தரும் பூச்சூடியவர்கள். பொன்முடிக்கு முன்னே பூமுடியே வேயப்பெற்றிருத்தல் இயல்பு. பனை நெருங்கிய இக்கரையில் நின்று எண்ணுவோர்க்கு இது மிகையாகத் தோன்றாது.

இனிக் 'கோ'. இங்கேதான் குழப்பம் மிகுதி. 'கோ என்றால் பசு, அது வடசொல். எனவே கோன், கோயில் எல்லாம் பசுவை அடியொற்றி வடக்கிலிருந்து வந்தவை' என்று கூறுவார் உளர். மேடையில் கேட்க எளிதாயிருக்கும். ஆயின் சான்றின்முன் நில்லாது.

வடமொழியில் 'கோ' என்பது ஆவைக் குறிக்கும், உண்மை. ஆயினும் அம்மொழியில் அச்சொல் தனித்து நின்று ஆள்வோனைக் குறிப்பதில்லை. காப்பவன், தலைவன் என்னும் பொருளுடைய மற்றொரு சொல்லை ஒட்டிய பின்னரே அங்கு ஆயன் என்றும் காவலன் என்றும் பொருள் கிளைக்கும். தமிழிலோ கோ என்பது ஒட்டு எதுவும் வேண்டாமல் தானே ஆள்வோனைக் குறிக்கும். கோன், கோமான், கோமகன், கோக்கள், கோநகர், இளங்கோ எனத் தமிழ் ஈறுகளோடும் தமிழ்ச்சொற்களோடும் தழைத்து நிற்கும். கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழிக் கல்வெட்டைப் பார்க்க. சேரர் மூன்று தலைமுறையினர் பெயர் அதில் உள்ளது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. அவ்விளங்கடுங்கோ இளங்கோ ஆனபோது யாற்றூர்ச் செங்காயபன் என்னும் அமண முனிவர்க்கு வெட்டிக்கொடுத்த உறையுள் அது. ஒரே கல்லில் கோ, கோன், இளங்கோ மூன்றும்! முன்னொட்டாகவும் ஈறாகவும் பதவிப்பெயராகவும் அச்சொல் அக்காலத்திலேயே முழுவளர்ச்சி பெற்றிருந்தது. நேற்று வந்த விருந்தாளி வீட்டின் மூன்று அறைகளிலும் பாய் விரித்துப் படுப்பதில்லை.

ஆவைக் குறிக்கத் தமிழன் எந்தச் சொல்லைக் கொண்டான்? 'ஆ' என்பதே அது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற தமிழி நடுகல்லொன்று 'ஆகோள்' என்னும் சொல்லைத் தாங்கி நிற்கின்றது. ஆநிரை கவரும் பூசலில் இறந்தவனுக்கு எடுத்த கல் அது. தொல்காப்பியம் வெட்சித்திணையில் கூறும் அதே சொல் கல்லிலும் உள்ளது. சில நூற்றாண்டு கழித்துச் செங்கத்தைச் சுற்றி எழுந்த நடுகற்களை நோக்குக. பல்லவர் காலத்தன அவை. தொடக்கத்தில் 'கோவிசைய' என்று ஆள்வோன் பெயர் நிற்கும்; அடுத்து இத்தனையாவது யாண்டு என வரும்; பின்னர்த் தொறு கொண்டபோதோ தொறு மீட்டபோதோ பட்டவன் பெயர் வரும். தொறு என்றால் மாட்டுமந்தை. ஒரே கல்லில் ஆள்வோனும் இருக்கின்றான், மாடும் இருக்கின்றது. ஆள்வோனுக்குக் 'கோ', மாட்டுக்குத் 'தொறு'. வெட்டிய கற்றச்சனுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை, குழப்பமெல்லாம் படித்தவர்க்கே.

கலித்தொகையில் ஆயர் கூட்டத்தைக் குறிக்குமிடத்துக் 'கோவினம்' என வருகின்றதே, அதற்கென்ன சொல்வது என்று ஒருவர் வினவலாம். வினாவல் முறையே. ஆங்குக் கோ என்பது ஆவையே சுட்டுகின்றது. அதனால் ஆவைக் குறிக்கும் கோ ஒன்றும் தமிழ்நூலில் ஏறியுள்ளது என்பதே பெறப்படுமன்றி, ஆள்வோனைக் குறிக்கும் கோ அதினின்று பிறந்ததென்பது பெறப்படாது. திராவிடச் சொற்பிறப்பு அகரமுதலியைத் தொகுத்த பர்ரோ, எமெனோ இருவரும் தமிழ்ப்பற்றால் எழுதியவர்கள் அல்லர். அவர்களே ஆள்வோனைக் குறிக்கும் கோ, கோன் என்பவற்றைத் திராவிடச் சொல்லாகத்தான் பதிந்துள்ளனர். மலையாள நாட்டில் அரசகுடியினர் உறையும் மாளிகை இன்றும் 'கோவிலகம்' எனப்படும். அங்கே கோவிலகம் என்றால் கடவுள் உறையும் இடமென்று எவரும் மயங்குவதில்லை.

கோயில் என்பது கோவின் இல். சிலப்பதிகாரத்தில் கண்ணகி வழக்குரைத்தது பாண்டியன் கோயிலில்தான். அங்குத் திருவுருவம் எதுவும் இல்லை. அவையும் அரியணையும் அதில் அமர்ந்த ஒருவனுந்தாம் இருந்தனர். ஆள்வோன் இல்லத்துக்குரிய பெயர் பின்னர்க் கடவுள் இல்லத்துக்கு ஏறிற்று. மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிற் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. சோழர் கல்வெட்டு மரபில் ஆள்வோன் பெயருக்கு முன்னே 'கோ இராசகேசரி' அல்லது 'கோப் பரகேசரி' என்று நிற்கும். இராசகேசரியும் பரகேசரியும் வடமொழிப் பட்டங்கள். மெய்க்கீர்த்தி பாடி, வடமொழிப் பட்டங்களை மாலைமாலையாகச் சூடிக்கொண்ட சோழனும் தலைக்குமேல் முதலெழுத்தாக வைத்தது கோ என்னும் ஓரெழுத்தையே. பட்டத்தை மாற்றினான், தலையெழுத்தை மாற்றவில்லை.

அங்ஙனமாயின் கோனார்க்கும் கோனுக்கும் என்ன உறவு? ஆநிரை மேய்த்துக் காத்த தலைவனே முதலில் கோன். பின்னர் மக்கள் நிரையைக் காத்தவனும் கோன் ஆனான் என்பது பாவாணர் துணிபு. ஆள்வோன் பெயரை ஆயர்குடி பின்னாளில் மதிப்புப் பெயராக ஏற்றிருக்கலாமே என்று மாறிச் சொல்லவும் இடமுண்டு. ஆயினும் பாவாணர் வழியே வலியது. கோவலர் என்னும் சொல் கழக இலக்கியத்தில் ஆயர்க்கே வழங்கியது ஒன்று. ஆயன் கையிலும் ஆள்வோன் கையிலும் இருப்பது கோலே என்பது மற்றொன்று. உலகம் முழுவதும் இவ்வெண்ணம் பரவிக் கிடக்கின்றது. பழைய எகிபதியர் ஆள்வோன் என்னும் சொல்லைப் பட எழுத்தில் எழுத, வளைந்த தலையுடைய ஆயன் கோலையே வரைந்தனர். பாபிலோனை ஆண்ட அம்முராபி தன் சட்டக் கல்லின் முன்னுரையில் தன்னை மேய்ப்பன் என்றே கூறிக்கொண்டான். கிரேக்கப் பெரும்புலவன் ஓமர் தன் காப்பியத்தில் படைத்தலைவனை மக்களை மேய்ப்பவன் என்றான். எனவே குயிலாப்பாளையத்துத் தெருவில் மாட்டின்பின் கோலூன்றி வருபவரைக் கோனார் என்று அழைக்கும் பிள்ளை, தான் அறியாமலே ஆட்சியின் முதற்பாடத்தைச் சொல்லிவிடுகின்றது.

கோலென்றதும் ஒன்று சொல்லாமல் விடுதற்கில்லை. 1947-இல் திருவாவடுதுறைத் திருமடத்தின் சார்பில் தில்லிக்குச் சென்ற செங்கோல், 2023-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் நிறுத்தப்பட்டது. தமிழ்ச்சொல் தில்லி ஏறியது கண்டு மகிழ்ந்தார் பலர். செங்கோல் என்பது பொன்பூசிய தண்டின் பெயரன்று. செம்மையான, வளையாத முறைக்குத்தான் அப்பெயர்; முறை வளைந்தால் அதே கோல் கொடுங்கோல் ஆகும் என்பதும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. தண்டை வாங்கியவர்கள் சொல்லின் இரண்டாம் பாதியையும் கேட்டு வாங்கினார்களா என்பது ஆய்தற்குரியது.

'இறை' என்னுஞ் சொல் உப்பளக் கரைக்கே உரிய சொல் எனலாம். இறை என்றால் ஆள்வோன். இறை என்றால் வரி. குடிகள் இறுப்பது இறை. அதனைப் பெறுபவனும் இறை. வரி நீக்கிய நிலத்தைக் கல்வெட்டுகள் இறையிலி என்னும். சொல்லே எச்சரிக்கின்றது: வாங்கும் கையைக் கொண்டுதான் ஆள்வோன் அளக்கப்படுவான். வெள்ளையர் ஆட்சியில் கடல்நீரைப் பாத்தியில் பாய்ச்சி வெயிலில் விளைந்ததை வாரியெடுப்பதும் ஆட்சியின் இசைவின்றிக் குற்றமாயிற்று. 1930-இல் இதே சோழமண்டலக் கரையின் தென்பகுதியில், வேதாரணியத்தில், இராசாசி தலைமையில் தொண்டர்கள் உப்பள்ளிச் சிறைசென்றது அதனால்தான். 1947-இல் அவ்வரி நீங்கியது. இறை என்னும் சொல்லின் இருபொருளையும் ஒருங்கே அறிந்த கைகள் உண்டெனின் அவை உப்பு வாரிக் கொப்புளங் கண்ட கைகளே.

இனி ஐந்தாம் சொல், 'மான்'. இதுவே இக்கரையின் தனிச்செல்வம். சேரமான், அதியமான், மலையமான், தொண்டைமான் என்பவற்றின் ஈற்றில் நிற்கும் மான், மகன் என்பதன் மரூஉ. சேரமகன் சேரமான், கோமகன் கோமான், பெருமகன் பெருமான். திருக்கோவலூரையடுத்த சம்பையில் 1981-இல் வெளிப்பட்ட தமிழிக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சி, 'சதியபுதோ' என்னும் பட்டத்தோடு நிற்கின்றான். அசோகன் தன் பாறைக் கட்டளையில் சோழ பாண்டியரோடு சேர்த்துக் கூறிய சதியபுதோ இன்னார் என்பது அதனால் ஐயமற விளங்கிற்று. 'புதோ' என்றால் மகன். அசோகனின் எழுத்தாளன் தமிழ் வழக்கை அறிந்து 'மகன்' என்பதைத் தன் மொழியில் பெயர்த்து எழுதியுள்ளான்! சேரனையும் அவ்வாறே மகன் ஈறு தந்து எழுதினான். தமிழிலிருந்து வடக்கே சென்ற பெயர்ப்பு இது. வடக்கிலிருந்து தெற்கே வந்ததன்று. ஆங்கிலர் தம் ஆள்வோனுக்கு வைத்த 'கிங்' என்னும் சொல்லும் குடி, இனம் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லின் அடியாகப் பிறந்ததே. குடியில் பிறந்த மகனே குடியை ஆள்வான் என்னும் கருத்து அங்கும் இங்கும் ஒன்றே.

அந்த மான் ஈறு பூண்ட ஒருவன் இக்கரையை ஆண்டான். அவனே ஓய்மான் நல்லியக்கோடன். ஓவியர் குடியினன். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலும் மாவிலங்கையும் கடலோர எயிற்பட்டினமும் அவனுக்குரியவை. எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பர் அறிஞர் பலர். எயில் என்றால் மதில். 'சோ' என்றாலும் அரண். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமியொருவன் எழுதிய கடற்குறிப்பில் பொதுகேயை அடுத்துச் சோபட்மா என்னும் துறை வருகின்றது. அதனைச் சோப்பட்டினம் எனக்கொண்டு எயிற்பட்டினத்தோடு பொருத்துவர். பொதுகே புதுவையை அடுத்த அரிக்கமேடு என்பதே பெரும்பாலார் கொள்கை. குயிலாப்பாளையம் அவ்விரு துறைகட்கும் நடுவே கிடக்கின்றது. பாளையம் என்னும் ஈறு படை தங்கிய பிற்காலத்தை நினைவூட்டுவது. அப்பெயர்க்கு நெடுங்காலம் முன்னரே இம்மண் ஓய்மா நாடாயிருந்தது. சோழர் கல்வெட்டுகளும் அப்பெயரை விடாது காத்தன.

நல்லியக்கோடனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நிலம். புலவர் இக்கரையின் பிள்ளை. அவர் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையுடையது. அதில் வஞ்சியும் மதுரையும் உறந்தையும் வருகின்றன. ஆயின் அம்மூவேந்தர் தலைநகர்களிலும் பாணனுக்குக் கிடைக்கும் பரிசில் சிறிதே என்று புலவர் கூறிவிடுகின்றார். கடையெழு வள்ளல்களையும் ஒவ்வொருவராக எண்ணி, அவ்வெழுவரும் தாங்கிய கொடைச்சுமையை இன்று தனியொருவனாகத் தாங்குபவன் நல்லியக்கோடன் என்கின்றார். வேந்தன் என்னும் பட்டம் மூவர்க்கே உரியது, நல்லியக்கோடனுக்கு அஃதில்லை. வேயப்பெற்ற முடி அவனுக்கில்லை; குடிகளும் புலவரும் அவனிடத்தேதான் சென்றனர். பட்டப்பெயரின் உயர்வு வேறு, ஆட்சியின் உயர்வு வேறு என்பதைப் பல நூற்றாண்டுக்கு முன்னரே ஒரு நெய்தற் புலவர் பாட்டில் வைத்துவிட்டார். உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகச் செல்லும் உமணரையும், அவர்களோடு வளர்ந்த மந்தி அவர்தம் மக்களோடு கிளிஞ்சிலுக்குள் முத்தை அடைத்துக் கிலுகிலுப்பை ஆட்டுவதையும் அப்பாட்டிலேயே பார்க்கலாம். உப்பளத்துப் பிள்ளைகட்கு இதைவிட அணுக்கமான பாடம் எந்நூலில் உண்டு?

நல்லியக்கோடன் என்னும் பெயரில் 'கோ' இருக்கின்றதே, எனவே அவனும் கோவே என்று துள்ளுவோர்க்கும் ஒரு சொல். அப்பெயரின் ஈறு 'கோடன்'. எழுத்து ஒத்திருப்பதால் மட்டும் சொல் உறவாகிவிடாது. 'கோ' பசுவென்று கூறுவோர் செய்யும் அதே பிழையைத் தமிழ்ப்பற்றின் பெயரால் செய்தல் தகாது. வேரும் பொருளும் வழக்கும் மூன்றும் ஒத்தபின்னரே உறவு கூறல் வேண்டும். பாவாணர் கற்பித்த முறையும் அதுவே. ஒலியொப்புமை ஒன்றையே பிடித்துக்கொண்டு உலகிலுள்ள அரசப் பெயர்களையெல்லாம் தமிழென்று காட்ட முனையும் சில துண்டுநூல்கள், எதிர்ப்பக்கத்தார்க்குச் சிரிப்பையும் தமிழ்ப்பக்கத்தார்க்குத் தலைகுனிவையும் தந்தமையே மிச்சம்.

செய்தற்குரியது அரிதன்று. பாட்டிமார் கதையில் வரும் ராசாவைத் துரத்தியடிக்க வேண்டியதில்லை. பிள்ளை கேட்கும்போது 'ஓர் ஊரில் ஒரு கோ' என்று மாற்றிச் சொல்லத் தாய்மார்க்கு ஒரு நொடிகூடச் செல்லாது. அரசி இருக்க ராணி எதற்கு? அமைச்சன் இருக்க மந்திரி எதற்கு? கடற்கரைப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் ஒருநாட் செலவாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மரக்காணத்துக் கோயிற்சுவரின் எழுத்தையும், திண்டிவனத்துக் கிடங்கல் கோட்டையின் எச்சத்தையும், கீழ்மாவிலங்கையின் பல்லவர் குடைவரையையும் காட்டி வரலாம். குடைவரைக்கு முன்னே நின்று மாவிலங்கை என்னும் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லச் செய்தால் போதும். சிறுபாணாற்றுப்படை அதன்பிறகு தேர்வுப் பாடமாக இராது. திரும்பும் வழியில் உப்பளங்கள் இருபுறமும் வெள்ளையாகக் கிடக்கும். ஓய்மான் யார், எயிற்பட்டினம் எது என்று அங்கே வண்டியை நிறுத்திக் கேட்கலாம்.